பூபதியின் தேதி

பூபதியின் தேதி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, செல்வின் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். செயற்கைப் பல்தான். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பல் லேபில் பதினாறு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரித்தால் உன் கைவேலைதான் தெரியும் என்று பூபதி கேலி செய்வான்.

"நீங்கதானுங்களா வாசிப்பாளர்?" என்றது போனில் ஒரு பெண்குரல். "பேஷன்ட் உங்க பேரைத்தான் குடுத்திருக்காருங்க. மத்தியானத்துக்குள்ள வந்துட்டீங்கன்னா நல்லதுங்க."

பல்லைத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டு, அண்ணனுக்கு ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிக் கிளம்பினான். அண்ணன் என்பது ஊருக்கு. பீளமேட்டில் வீடு பிடித்த நாளிலிருந்து வாசலுக்கு வெளியே அண்ணா, வாசலுக்கு உள்ளே வெறும் பூபதி. மார்த்தாண்டத்துக்காரனும் பொள்ளாச்சிக்காரனும் எப்படி அண்ணன் தம்பி ஆனார்கள் என்று கீழ்வீட்டம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று செல்வின் நினைத்துக்கொள்வான். கேட்காமல் இருப்பதைப் பற்றி அவனுக்கு ரொம்ப நாளாகவே நல்ல அபிப்பிராயம்.

பூபதிக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அதனால்தான் வாசிப்பாளர். தேதிச் சீட்டை நோயாளியைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பது சட்டம். பார்வை இல்லாதவர் ஒரே ஒருவர் பெயரைக் கொடுக்கலாம், அந்த ஒருவர் படித்துச் சொல்லலாம். போனே படித்துவிடாதா என்றால், படிக்கும்; ஆனால் போனுக்குக் காட்டிய தேதி எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் காகிதத்தில், கேமராவில் விழாத மையில் அச்சடித்துத் தருவார்கள். இன்ஜினியரிங் படித்த பூபதி, செல்வின் பெயரைச் சொல்லி ஃபாரத்தில் கைநாட்டு வைத்திருந்தான்.

இந்தத் தேதி விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எச்.ஐ.வி. டெஸ்ட் என்பது ஒரு காலத்தில் உண்டு, இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். 2031-ல் வந்த புது டெஸ்ட் மூன்றாவதாக ஒன்றையும் சொன்னது: கிருமி உடம்புக்குள் நுழைந்த நாள். ஒரு சொட்டு ரத்தம், முன்னே பின்னே நாலைந்து நாள் வித்தியாசத்தில் தேதி. கண்டுபிடித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கண்டுபிடிக்கவில்லை. எந்த ஊரில் எந்த மாதம் பரவுகிறது என்று தெரிந்தால் அங்கே போய்த் தடுக்கலாம் இல்லையா. நல்ல மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. ஒழுங்காக எடுத்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது, அடுத்தவருக்கும் தொற்றாது. இனி இந்த நோயை ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் மனுஷன் கையில் ஒரு தேதியைக் கொடுத்தால் முதலில் காலண்டரைத்தான் புரட்டுவான். அந்த வாரம் யார் வெளியூரில் இருந்தார்கள், யாருடைய போன் எத்தனை மணி நேரம் அணைந்து கிடந்தது என்று தோண்டுவான். நோய் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்து போய், யார் கொடுத்தது என்ற கேள்வி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. குடும்ப கோர்ட்டில் வக்கீல்கள் தேதி கேட்டார்கள். ஆண்களோடு பழகும் ஆண்களுக்குத்தான் இது எல்லாரையும்விட உறைத்தது. அவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் மனைவி. மீதிப் பேருக்கு ஊருக்குச் சொல்லாத ஒரு துணை. அதுவரை ஐந்தாறு பேராகச் சேர்ந்து டெஸ்டுக்குப் போய்விட்டு, வரும் வழியில் பரோட்டா சாப்பிட்டு வந்தவர்கள், சொல்லி வைத்தாற்போல் நின்றுவிட்டார்கள். தப்பித்தவறி ஒருவன் போனால், "என்ன, நாள் பாக்கப் போறியா?" என்று கேலி. ஒருவனிடம் டெஸ்ட் எடு என்று சொல்வதும் உன்மேல் எனக்குச் சந்தேகம் என்று சொல்வதும் ஒன்றாகிவிட்டது. தேதி சொல்லாத பழைய டெஸ்ட் எங்கே என்றால், ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் ஜோடிகளுக்குள் ஒரு வழக்கம் வந்தது. இருவரில் ஒருவர் மட்டும் போய் எடுத்து வருவது. அவருக்கு இல்லை என்றால் இருவருக்கும் இல்லை. இன்னொருவரை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, சண்டையும் இல்லை. அப்படிச் செய்துதான் பல வீடுகள் தப்பின. அல்லது தப்பியதாக நினைத்துக்கொண்டன.

செல்வினும் பூபதியும் சந்தித்தது 2032 பிப்ரவரியில், ஈரோடு ஜங்ஷனில், ரயில் இரண்டு மணி நேரம் லேட்டானதால். பூபதிக்கு அப்போது முப்பத்திநாலு, ஒரு கல்யாணம் முடிந்து விவாகரத்தும் முடிந்திருந்தது. முதல் ஒரு வருஷம் அவர்கள் ஆணுறை இல்லாமல் இருந்ததில்லை. அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் செல்வின் போய் டெஸ்ட் எடுத்து, 'இல்லை' என்ற சீட்டைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். பூபதி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு மோட்டார் பம்பு கம்பெனியில் கடைசிச் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு லாட்டில் நாற்பது பம்பு வந்தால் நாற்பதையுமா ஓட்டிப் பார்ப்பார்கள்? ஒன்றிரண்டை எடுத்து ஓட்டி, அழுத்தம் சரியாக இருந்தால் லாட்டு முழுக்கப் பச்சை முத்திரை.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே லாட்டு கண்ணு," என்றான். "ஒன்னு பாஸுன்னா லாட்டே பாஸு."

செல்வின் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

அப்புறம் ஒன்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. வருஷா வருஷம் தை மாதம் செல்வின் போவான், சீட்டு வரும், பூபதி பார்ப்பான், பம்பு வாரன்டி அட்டைகளோடு சேர்த்து வைத்துவிடுவான். போன வருஷம் பூபதி இளைக்க ஆரம்பித்தான். சர்க்கரையாக இருக்கும் என்றார்கள், சர்க்கரை இல்லை. வாய்ப்புண் வந்தது, வைட்டமின் கொடுத்தார்கள். மூன்று டாக்டர்களைப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதினால் இரண்டு கவுன்சலிங், நாலு ஃபாரம், பின்னால் கோர்ட்டுக்கு வேறு வரச் சொல்வார்கள். எந்த டாக்டருக்குத் தலையெழுத்து? ஒரே ஒருத்தர் மட்டும் மென்று விழுங்கிக்கொண்டு, "அந்த மாதிரி எதுனா..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் பாத்தாச்சுங்க. போன தையிலதான்," என்றான் பூபதி, ரொம்ப நம்பிக்கையாக. செல்வின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை.

கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று பூபதி சொன்னது தீபாவளிக்குப் பிறகு. கண்ணாடியை மாற்றினான். மார்ச்சில் ஒரு நாள் அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒரு லாட்டு முழுவதையும் தப்பாகப் பாஸ் பண்ணிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து, "கண்ணு, லைட்டப் போடு," என்றான். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

எச்.ஐ.வி. முற்றியதால்தான் கண் போனது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அங்கே கவுன்சலர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கவுன்சலர் பெயர் கிருபாவதி. ஐம்பது வயசிருக்கும். ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு எண்பது பேர் வந்த அறை, இப்போது எட்டுப் பேர் வந்தால் அதிகம் என்று முதல் நாளே அலுத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. சீட்டை நீங்க மொதல்ல என்ர முன்னாடி ஒருக்கா படிச்சுரோணும். அங்க போய்த் திடுக்குனு ஆயிட்டா பேஷன்ட்டு பயந்துக்குவாரு. அதான் ரூலு."

"தேதி தப்பா வர வாய்ப்பு இருக்கா மேடம்?"

"இல்லீங்க. அந்தக் கிருமி இருக்குதே, தன்னையே நகல் எடுத்து நகல் எடுத்துத்தான் பெருகும். ஒவ்வொரு நகல்லயும் சின்னச் சின்னப் பிழை விழும். எத்தனை பிழை சேர்ந்திருக்குன்னு எண்ணிப் பின்னால போனா, பிழையே இல்லாத மொத நாளுக்குப் போயிரலாம். நாலு நாள் முன்னப் பின்ன இருக்கும், அவ்வளவுதான்." மேஜையில் இருந்த உறையை அவன் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு மனசுல ஒரு தேதி இருக்குதுங்களா?"

இருந்தது. ஒரே தேதி என்று இல்லை; 2032 நவம்பருக்கு அப்புறம் எந்தத் தேதி வந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ள அவன் தயாராக இருந்தான். மன்னிப்பதற்கு ஒரு பேச்சையே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். நடந்தது நடந்துபோச்சு பூபதி, எனக்கு அப்பவே தெரியும், நான் ஒன்னும் நினைக்கல என்று ஆரம்பிக்கும் பேச்சு. மூன்று வாரமாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். சொல்லும்போது தன்னைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உறையைப் பிரித்தான். 2031 ஆகஸ்ட் 9 முதல் 17 வரை.

இன்னொரு தடவை படித்தான். முப்பத்தொன்று. ஈரோடு ஜங்ஷனுக்கு ஆறு மாதம் முன்னால்.

"என்னாச்சுங்க?"

"அப்ப நாங்க பாத்துக்கவே இல்லை மேடம்," என்றான் செல்வின். "அவன் எனக்கு... அப்ப அவன் வேற எங்கயும் போகல."

"பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இல்லை. ஜனவரியில பாத்தேன். வருஷா வருஷம் பாக்கறேன்."

கிருபாவதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவரும் இந்த வேலையில் இருபது வருஷம் பழுத்தவர். "ஊசிங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

வருஷத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போடும் தடுப்பு ஊசி. போட்டுக்கொண்டவனுக்கு அந்த வருஷம் முழுக்கக் கிருமி அண்டாது. டெஸ்ட் எடுக்கும் அதே இடத்தில், அதே நாளில், அடுத்த அறையில் போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் செல்வின் முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு, பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த அறையில் படுத்திருக்கிறான். ஊசி போட்ட இடத்தில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி நாலைந்து மாதம் நிற்கும். கொழுப்புக் கட்டி என்று பூபதியிடம் சொல்லியிருந்தான்.

"அவருக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"தம்பி, ஊசி போட்ட ஆளோட சீட்டு அந்த ஆளைப் பத்தி மட்டும்தானுங்களே சொல்லும். பக்கத்துல படுக்கறவரைப் பத்தி அது ஒரு வார்த்தை சொல்லாது. ஒவ்வொரு வருஷமும் ஃபாரத்துல கேட்டிருப்பாங்களே, துணைவர் டெஸ்ட் எடுத்தாரான்னு?"

"ஆமான்னு டிக் பண்ணிட்டேன்."

கிருபாவதிக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை அவர் மறைக்கவும் இல்லை. "ஏனுங்க? எதுக்கு ஊசியை மறைச்சீங்க? சொல்லிப்போட்டு போட்டிருந்தா அவரும் கூட வந்து ஒரு டெஸ்ட் எடுத்திருப்பாரு. அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கு நல்லாக் கண்ணு தெரிஞ்சுட்டு இருப்பாருங்க."

அது அவனுக்குத் தெரியும். பூபதியின் உயிருக்கு இனி பயமில்லை, மருந்து கேட்கிறது, ஆனால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அது ஒன்றுதான் தெரியும். மறைத்த காரணத்தைக் கிருபாவதியிடம் அவன் சொன்னான். வாய்விட்டுச் சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்றால், அவனே நடுவில் நிறுத்திவிட்டான்.

2032 நவம்பர் பதினெட்டு, ஒரு வியாழக்கிழமை. பூபதி போனை எடுக்கவில்லை என்று செல்வின் கம்பெனிக்கு அடித்தான். பூபதி மத்தியானமே அரை நாள் லீவு போட்டுப் போய்விட்டார் என்றார்கள். எப்போதும்போல் ஏழு மணிக்கு பூபதி வீட்டுக்கு வந்தான், எப்போதும்போல் செருப்பை ஓரமாக விட்டான், "இன்னிக்கு லோடு ஜாஸ்தி கண்ணு, இடுப்பு ஒடிஞ்சுபோச்சு," என்றான். செல்வினுக்கு அதற்கு முன்னால் ஒருவன் இருந்தான். அவனும் இப்படித்தான் இடுப்பு ஒடிந்து ஒடிந்து வருவான், கடைசியில் ஒரு நாள் வரவே இல்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்கச் செல்வினுக்கு வாய் வரை வந்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். பதில் வந்தால் அப்புறம் டெஸ்ட், தேதி, பெட்டி படுக்கை. கேட்கவில்லை. சாதத்தைப் போட்டு, ரசத்தை ஊற்றிக் கொடுத்தான். பதினொரு நாள் கழித்துத் தனியாகப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டான்; அதற்கப்புறம் எல்லாம் பொங்கல் சமயத்து டெஸ்டோடு சேர்த்துத்தான். கேள்விக்குப் பதிலாக ஓர் ஊசி. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று அன்றைக்கு நினைத்தான்.

"அப்புறமாவது எப்பவாச்சும் பொய் சொன்னாருங்களா?"

"நான் அப்புறம் செக் பண்ணவே இல்லை மேடம். அவன் யாரோட வேணா இருந்துட்டுப் போகட்டும், எங்கிட்ட திரும்பி வந்தாப் போதும்னு இருந்தேன்."

கிருபாவதி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். செல்வின் போட்டான்.

பூபதி வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் உட்கார்ந்திருந்தான். பார்க்க முடியாதவனுக்கு ஜன்னலோரம் எதற்கு என்று நர்ஸ் வேறு படுக்கைக்கு மாற்றப் பார்த்தபோது, காற்று வருதுங்க என்று மறுத்துவிட்டானாம். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினான்.

"வந்துட்டியா கண்ணு. சீட்டு வந்துருச்சாமே?"

"கையில இருக்கு."

"கிழிச்சுப் போட்டுரு."

செல்வின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஏன்?"

"நான் சொல்றதக் கேளு." பூபதி கையை நீட்டித் துழாவி, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "பத்து வருஷத்துல உன்னத் தவர வேற ஆளத் தொட்டதில்ல நானு. இது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். அப்புறம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? நீ வருஷா வருஷம் கொண்டாந்து காட்டுன சீட்டு..." கொஞ்சம் நிறுத்தினான். "போச்சாது, விடு. பயந்திருப்ப. இருக்குதுன்னு தெரிஞ்சா இவன் எங்க போயிருவானோன்னு நெனச்சிருப்ப. நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். நீ மருந்து சாப்புடறியா, அத மட்டும் சொல்லு. வேற ஒன்னும் நான் கேக்கமாட்டேன்."

மூன்று வாரமாகச் செல்வின் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அதே பேச்சு. இவனும் இங்கே படுத்துக்கொண்டு அதையேதான் ஒத்திகை பார்த்திருக்கிறான். அவனுடையதைவிட இது நன்றாக இருந்தது.

"அப்புறம் ஏன் வாசிப்பாளர்னு என் பேரைக் குடுத்தே?"

"வேற யாரு இருக்கா எனக்கு?" என்றான் பூபதி.

சீட்டைக் கிழித்துப் போட்டால் போதும். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கிடைத்துவிடும், செய்த தப்பு யாருக்கும் தெரியாமல் போய்விடும். பூபதி அவனை விட்டுப் போகவும் மாட்டான். ஒரு நிமிஷம் செல்வின் அதை நினைத்துப் பார்த்தான். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவன் விரல் சீட்டின் ஓரத்தில் இருந்தது. பத்து வருஷமாகப் பொய்ச் சீட்டைக் காட்டி ஏமாற்றியவனோடுதான் வாழ்ந்தேன் என்று நினைத்துக்கொண்டு, அதையும் பொறுத்துக்கொண்டு, இந்த மனுஷன் மிச்சக் காலம் இருட்டில் உட்கார்ந்திருப்பான். வாயை மூடிக்கொண்டு இருந்தே இவன் கண்ணைக் குடித்தாயிற்று. இன்னும் எதைக் குடிப்பது?

"நான் படிக்கிறேன் பூபதி. 2031 ஆகஸ்ட் ஒன்பதுல இருந்து பதினேழு."

ஊரில் எல்லோரும் தேதி கேட்டவுடன் காலண்டரைப் புரட்டுவார்கள். பூபதி புரட்டவில்லை. அந்த ஆகஸ்டில் யார், எங்கே என்று ஒரு விநாடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"அப்ப நானா? நாந்தான் கொண்டாந்தேனா? ஐயோ சாமி... உனக்கு? உனக்கு எப்ப வந்துச்சு?"

"எனக்கு இல்லை. நான் காட்டின சீட்டெல்லாம் நிஜம்தான். எனக்கு வரவே இல்லை."

"எப்படிடா வராம இருக்கும்? பத்து வருஷம்! ஒரே லாட்டுல..." பூபதி நிறுத்தினான். இருபது வருஷம் பழுதைக் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்தவன் அவன். முழங்கையைப் பிடித்திருந்த கை மெல்ல நகர்ந்து செல்வினின் வயிற்றுக்கு வந்தது. சட்டைக்கு மேலேயே அந்தக் கட்டியைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தான்.

"இது கொழுப்பு இல்லையா?"

"இல்லை."

வார்டில் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள், நர்ஸ் போய்க் குறைக்கச் சொன்னாள். பூபதி கையை எடுக்கவில்லை. "நான் வேற ஆள்கிட்ட போறேன்னு நெனச்சியா?" என்றான்.

"ஆமா."

"எந்தத் தேதியில இருந்து?"

செல்வின் சொன்னான். தேதி, கிழமை, கம்பெனிக்கு அடித்த போன், அரை நாள் லீவு, இடுப்பு ஒடிந்த கதை எல்லாவற்றையும் சொன்னான். முன்னே பின்னே நாலு நாள் வித்தியாசமெல்லாம் இல்லை, மணி உட்பட ஞாபகம் இருந்தது. திட்டினால் திட்டட்டும், எழுந்து போ என்றால் போய்விடலாம் என்று காத்திருந்தான்.

பூபதி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். "முப்பத்திரண்டு நவம்பரா... மத்தியானமே போயிட்டேனா? எங்க போனேன் நானு?" என்றான். பிறகு குழந்தை மாதிரி, "எனக்கே ஞாபகம் இல்லையே கண்ணு," என்றான்.

பூபதி திட்டவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். கீழ்வீட்டம்மா ஆரத்தி எடுத்து, தம்பி நல்லாப் பாத்துக்குது என்று செல்வினைப் புகழ்ந்தார். அடுப்புக்கும் கட்டிலுக்கும் எத்தனை எட்டு என்று பூபதி ஒரே வாரத்தில் எண்ணி வைத்துவிட்டான். காலையிலும் மாலையிலும் மாத்திரையைத் தொட்டுப் பார்த்தே எடுத்துப் போட்டுக்கொண்டான். கம்பெனியில் ஓடும் பம்பைச் சத்தத்தை வைத்தே சோதிக்கும் வேலை ஒன்று தருவதாகச் சொன்னார்கள். எல்லாம் ஒரு மாதிரி நேராகிக்கொண்டு வந்தது, அந்த வியாழக்கிழமையைத் தவிர.

அதை அவன் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், கை நின்றுவிடும்.

"எங்க தங்கச்சி அமுதா வீட்டுக்காரரு அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தாரோ? பாக்கப் போயிருப்பேனோ?"

"அது அடுத்த வருஷம்."

இரண்டு நாள் கழித்து, துணி காயப்போடும்போது: "பல்லு வலின்னு எவன்கிட்டயாவது போயிருப்பேன். உன்ர லேப் ஆளுங்ககிட்டப் போகாம வெளிய போனா நீ கோவிச்சுக்குவேன்னு மறைச்சிருப்பேன். அப்படி இருக்குமா?"

"இருக்கும்."

"இருக்கும்னு சொல்லாத. எனக்குத் தெரியோணும்." பழைய சக வேலையாட்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டான். பத்து வருஷத்துக்கு முந்தின அரை நாள் லீவை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஒருவன் சிரித்தான், ஒருவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். வாரன்டி அட்டைகளோடு கட்டி வைத்திருந்த காகிதங்களையெல்லாம் எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொன்றாகச் செல்வினைப் படிக்கச் சொன்னான். எங்கேயும் அந்தத் தேதி இல்லை. பத்து 'இல்லை' சீட்டும் அதில் இருந்தன. அவற்றையும் செல்வின் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வினால் தாங்க முடியவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பூபதியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"போதும் பூபதி. நீ எங்கயும் போகல. எனக்குத் தெரியும். நான் நம்பறேன்."

"நம்புவ. இப்ப நம்புவ." பூபதி அவன் தலையைத் தேடிப்பிடித்துத் தடவிக் கொடுத்தான். குரலில் கோபமே இல்லை. அதுதான் செல்வினால் பொறுக்க முடியாமல் இருந்தது. "ஆனா நீ அன்னிக்கு ராத்திரி சோறு போடும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா சொல்லியிருப்பேன் கண்ணு. அன்னிக்கு எனக்கு ஞாபகம் இருந்திருக்கும்."